ஏலத்துக்கு வந்த தினைக்குருவிகள்

புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நாலு வார்த்தையோடு நிறுத்தத் தெரிந்திருந்தால் நான் எப்போதோ பெரிய பதவிக்குப் போயிருப்பேன். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். புலியை நேருக்கு நேர் பார்த்தது, ஒற்றை யானை துரத்தியது என்றெல்லாம் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால் இப்போதே எழுந்து போய் டீ குடித்துவிட்டு வரலாம். யானை துரத்தினால் ஓட வேண்டும். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நம் வேலையில் மண்டையைக் குடைவதெல்லாம் சின்ன உருப்படிகள்தான். என் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தது, கைக்குள் அடங்கிவிடும் ஒரு குருவி.

எழுபதுகளின் நடுவில் நடந்தது. எலப்புள்ளியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. எனக்கு மூத்தவர்கள் மூன்று பேர் ஏற்கெனவே அதில் இறங்கியிருந்தார்கள். நாலாவதாக நான் இறங்கினால் வரப்பில்தான் நிற்க வேண்டும். ஃபாரஸ்ட் கார்டு, அதாவது வனக் காவலர் வேலை கிடைத்ததும் வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். ஆனால் வேலை இன்னும் நிலைக்கவில்லை. புரபேஷன் முடியும்போது ரேஞ்சர் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதாவிட்டால் மறுபடியும் எலப்புள்ளி, மறுபடியும் அண்ணன்மார், மறுபடியும் அந்த வரப்பு.

கொஞ்ச நாள் மர டிப்போவில் வைத்திருந்துவிட்டு என்னை அட்டப்பாடியின் மேல் மலையில் ஒரு காவல் ஷெட்டில் போட்டார்கள். துணைக்கு வாட்சர் வேலப்பன். ஆனைகட்டிப் பக்கத்து ஆள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது. மழைக்காலம். சந்தனக் கட்டை தேடிப் போனால் அட்டை, கஞ்சா தேடிப் போனால் அட்டை, எதையும் தேடாமல் ஷெட்டில் உட்கார்ந்திருந்தாலும் அட்டை. அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அந்தக் குருவியைப் பார்த்தேன்.

ஷெட்டுக்கு முன்னால் ஒரு சௌசௌ பந்தல் இருந்தது. கொடிக்குள் உரிக்காத தேங்காய் அளவுக்குப் புல்லால் ஓர் உருண்டை, பக்கவாட்டில் ஓர் ஓட்டை. தூக்கணாங்குருவியின் கைவேலையெல்லாம் அதில் எதிர்பார்க்கக் கூடாது. யாரோ வைக்கோலைச் சுருட்டி எறிந்தது கொடியில் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது. குடியிருந்தவை சிட்டுக்குருவியைவிடச் சின்னவை. முதுகு கரும்பழுப்பு, முகமும் தொண்டையும் கறுப்பு, வயிறு மழை நனைந்த செம்மண் நிறம், உடம்புக்குப் பொருந்தாத தடித்த அலகு. நீங்கள் இப்போது கைப்பேசியைத் தட்டிக் 'கருந்தொண்டைச் சில்லை' என்று சொல்லிவிடுவீர்கள். மலையின் மேல்தட்டை விட்டுக் கீழே இறங்கப் பிரியப்படாத இனம் என்றும் வாசித்துக் காட்டுவீர்கள். எங்களுக்குக் கைப்பேசியும் இல்லை, புத்தகமும் இல்லை. அது தினைக்குருவி, அவ்வளவுதான்.

ஆண் எது, பெண் எது என்று கண்டுபிடிக்க நான் பட்ட பாடு சொல்லி மாளாது; கடைசியில் எதை வைத்துக் கண்டுபிடித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். இரண்டும் ஒரே அச்சு. சரி, செய்யும் வேலையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தால் அடைகாப்பதிலும் இரண்டும் முறை மாற்றிக்கொண்டன.

"எங்கூட்டுல அந்தக் கொழப்பமே இல்லீங்க கார்டு," என்றார் வேலப்பன். "வேலை செய்யறது ஒராளு, குந்தீட்டுச் சாப்படறது ஒராளு. தூரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சு போயிரும்."

தின்னும் விதமும் தனி. காய்ந்த விதையைத் தின்னாமலில்லை. ஆனால் பால் பிடித்த பச்சைக் கதிரைக் கண்டால்தான் அதற்கு வாய் ஊறும். புல்தண்டில் தொற்றிக்கொண்டு, தன் கனத்தில் அது வளைந்ததும் கதிரைக் காலால் மிதித்துப் பிடித்து, ஒவ்வொரு மணியாக அலகில் உருட்டி உமியைத் துப்பும். குஞ்சுக்கும் அதே பால்மணியைத்தான் இரைப்பையில் ஊறவைத்துக் கக்கி ஊட்டும். ஷெட்டுக்குக் கீழே வேலப்பன் ஒரு துண்டு நிலத்தில் ராகி போட்டிருந்தார். ராகி பால் பிடித்த வாரம் அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கொஞ்சம் குறைந்தது.

"ஏனுங்க, எம்பட ராகியத் திங்கற களவாணிகளை நீங்க உக்காந்து உத்துப் பாக்கறீங்களே, பொண்ணு பாக்கப் போனாக்கூட இந்தப் பார்வை பாக்க மாட்டாங்களே."

"எத்தனை திங்குதுன்னு பாத்துட்டு இருக்கறனுங்க."

"பாத்து? குருவி மேல கேசு போடறதுங்களா?"

பொழுது சாயும் நேரத்தில் நடக்கும் வேடிக்கைதான் எல்லாவற்றிலும் பெரியது. குஞ்சுகள் பறந்த பிறகும் அவை கூட்டைக் காலி செய்யவில்லை. இருட்டுவதற்கு முன் ஏழெட்டுக் குருவிகள் வந்து ஒவ்வொன்றாக அந்த ஓட்டைக்குள் நுழையும். கடைசியாக வருவதற்கு உள்ளே இடமிருக்காது. வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்க முட்டி மோதும். உள்ளே இருப்பவை ஏதோ முணுமுணுத்து நகர்ந்து கொடுக்கும். ஆனைகட்டி பஸ்ஸில் கடைசி ஆள் ஏறுகிற அதே கதைதான். எல்லாம் உள்ளே போய்விட்டால் பந்தல் அடங்கிவிடும். தனியாக ஒரு கிளையில் தூங்கிப் பழகாத ஜாதி அது. இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறோம் என்று நானும் நினைக்கவில்லை. பார்க்க வேறு எதுவும் இல்லாததால் பார்த்தேன்.

மாசி மாதம் என்னையும் வேலப்பனையும் ஆனைகட்டிக்குக் கேரளப் பக்கம் இருந்த செக்போஸ்ட்டுக்கு இறக்கினார்கள். மேலே குளிர், இங்கே வெயில் பல்லைக் காட்டியது. கோயம்புத்தூர் போகும் காலை பஸ்ஸை நிறுத்தி மேலே ஏறிப் பார்ப்பது எங்கள் வேலை. ஒரு நாள் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே ஈரச் சாக்கு போர்த்திய மூங்கில் கூடை ஒன்று இருந்தது. சாக்கைத் தூக்கினேன். உள்ளே நாற்பதோ ஐம்பதோ தினைக்குருவிகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

"யாரோட கூடைங்க இது?" என்று கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்டார். எல்லோரும் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார்கள். ஜன்னலோரம் ஒருவர் மட்டும் அளவுக்கு மீறித் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டையில் ஒரு நடுக்கம் தெரிந்தது. ஆனால் குறட்டையை வைத்துக் கேஸ் எழுத முடியாது. கூடையை இறக்கிக்கொண்டு பஸ்ஸை அனுப்பிவிட்டு, ரேஞ்சருக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன்.

மத்தியானம் ஜீப் டிரைவர் பதிலோடு வந்தார். கேட்பாரற்ற வனப் பொருள், வழக்கம்போல ஏலம் விடு என்று உத்தரவு.

நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். காட்டு உயிர்களுக்கான சட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்கள் ஆபீஸ் கண்ட வனப் பொருள் எல்லாம் விறகு, மூங்கில், ஈட்டி மரம், தேக்கு. எதுவும் இறக்கி வைத்த இடத்தை விட்டு நகராது. பிடித்த பொருளுக்கு ஆள் இல்லை என்றால் தண்டோரா போட்டு ஏலம் விடுவது அவர்களுக்குக் கை காலை அசைப்பது மாதிரி. மூச்சு விடுகிற பொருள் ஒன்று வந்து சேரும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். அதில் இருந்தவர்கள் நல்லவர்கள்.

இன்னும் தண்டோராவே போடவில்லை. அதற்குள் சாயங்கால பஸ்ஸில் ஒருவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கோயம்புத்தூரில் கூண்டுப் பறவை வியாபாரம். எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஏலம் எப்பங்க?"

"என்ன ஏலமுங்க?"

"அதானுங்க, கூடை."

"கூடைல என்ன இருக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கெப்படிங்க தெரியும்? என்ன இருந்தாலும் எடுத்துக்கலாம்னு வந்தனுங்க," என்றார் முகம் மாறாமல். பிறகு கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தண்ணி வெச்சீங்களா?" என்று கேட்டார்.

வேலப்பன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதரின் கூடையைப் பிடித்து, இந்த மனிதருக்கே ஏலத்தில் கொடுத்து, அதற்குச் சர்க்கார் ரசீதும் கொடுக்கப் போகிறோம். இதுவரை திருட்டுத்தனமாகப் போன சரக்கு இனிமேல் முத்திரையோடு போகும். பாதிக்கு மஞ்சள் சாயமும் பச்சைச் சாயமும் பூசிச் சீமைக்குருவி என்று விற்பார்கள். இரண்டைப் பிடித்து ஜோடி என்பார்கள். எது ஆண் எது பெண் என்று விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. கூடை விலைபோனால் குருவிகள் கூண்டுக்கு; போகாதபடி நான் ஏதாவது செய்தால் நான் எலப்புள்ளிக்கு. விஷயம் அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

அதற்கு முன் அவை உயிரோடு இருக்க வேண்டுமே. கூடைக்குள் நொய்யரிசி போட்டிருந்தார்கள், ஒன்றும் தொடவில்லை. வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருந்தன. ஓடைக்கரைக்கு ஓடிப் போய்ப் பச்சைக் கதிர் விட்ட புல்லாகத் தேடி அறுத்து வந்து, பிடி பிடியாகக் கட்டிக் கூடைக்குள் நட்டுவைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று தண்டில் தொற்றியது. பிறகு இன்னொன்று. பிறகு உமி பறக்க ஆரம்பித்தது. பொழுது சாயும்போது மறுபடியும் கலவரம். மூங்கில் பட்டையில் மோதிக்கொண்டு சுற்றின. மேல் மலையில் அந்த நேரத்தில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வைக்கோலைச் சுருட்டி நடுவில் குடைந்து மூன்று உருண்டை செய்து உள்ளே வைத்தேன். முட்டி மோதி, முணுமுணுத்து, ஒன்றையொன்று நெருக்கி உள்ளே போய் அடங்கின. எனக்குப் பெரிய சந்தோஷம். மறைக்க வேண்டியதில்லை, ஒரு குழந்தைக்குச் சோறூட்டித் தூங்கவைத்த சந்தோஷம்தான்.

"கார்டு," என்றார் வேலப்பன், குரலைத் தாழ்த்தி. "காத்து பலமா அடிக்குது. கூடை மூடி தானாத் தொறந்துக்கிச்சுன்னா நம்ம என்னங்க பண்ண முடியும்?"

"காத்தே இல்லீங்களே."

"அடிக்கும்னு வெச்சுக்கலாமுங்க."

அவருடைய ராகியைத் தின்ற களவாணிகளுக்காக அவர் பேசினார் என்பதைக் கவனியுங்கள். மனுஷனின் வாய் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம். ஆனால் நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன் என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். யாரும் பார்க்காத நேரத்தில் கூடை காலியானால், காற்று திறந்தது என்று எந்த மடையன் நம்புவான்? வந்த வியாபாரியிடமே மறைவாக விற்றுவிட்டான் என்பார்கள். குருவி பிழைக்கும், எங்கள் இரண்டு பேர் பெயரும் நாறும், அடுத்த முறை நாங்கள் பிடிக்கும் கூடையை யாரும் மதிக்க மாட்டார்கள். நம் வேலையில் நல்லது செய்வதாக இருந்தாலும் நாலு பேர் பார்க்கச் செய்ய வேண்டும். மறைவில் செய்த நல்லதை யாரும் நல்லதென்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

மறுநாள் காலை ரேஞ்சரைப் போய்ப் பார்த்தேன். "சார், கீழே வெயில் தாங்காது. செத்துப்போனா ஏலத்துல ஒண்ணும் கிடைக்காது. மேல் ஷெட்டுக்குக் கொண்டு போயி அங்கேயே ஏலம் வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் யோசித்தார். மேல் ஷெட் பக்கம் போனால் நல்ல மலைத்தேன் கிடைக்கும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "செரி, ஞானும் வராம்," என்றார் தன் மலையாளத்தில்.

அடுத்த நாள் ஜீப் போகும் தூரம் ஜீப்பில், அதற்கு மேல் நடை. கூடையை நான் தலையில் வைத்துக்கொண்டேன். வியாபாரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்தார். பாதி ஏற்றத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"ஏனுங்க, ஒரு ஏலத்தை இம்புட்டு ஒசரத்துல எவனாச்சும் வெப்பானுங்களா?"

"பறவை ஏலமில்லீங்களா, ஒசரத்துலதான் வெக்கோணும்," என்றார் வேலப்பன். அட்டை ஒன்று வியாபாரியின் கெண்டைக்காலைப் பிடித்திருந்ததை அவர் பார்த்தும் சொல்லவில்லை. மாசி மாதத்து அட்டை அபூர்வம், அதைக் கெடுப்பானேன் என்று பிறகு என்னிடம் விளக்கம் கொடுத்தார்.

ஷெட்டுக்கு முன்னால் சௌசௌ பந்தல், பந்தலுக்கு அப்பால் ஓடை இறங்கும் சரிவு முழுக்கப் புல். பெஞ்சில் ரேஞ்சர் உட்கார்ந்தார். கூடையை நடுவில் வைத்தேன். ஏலம் கேட்க ஒரே ஆள். நான் தொண்டையைக் கனைத்து, கேட்பாரற்ற வனப் பொருள், கூடை ஒன்று என்று கூவ ஆரம்பித்தேன்.

முன்கூட்டியே திட்டம் போட்டாயா என்று இன்றுவரை பலர் கேட்கிறார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரை என்னிடம் எந்தத் திட்டமும் இல்லை. மேலே கொண்டுவந்தால் ஏதாவது வழி பிறக்கும் என்ற அசட்டு நம்பிக்கை மட்டும் இருந்தது. வழியைத் திறந்து கொடுத்தவர் வியாபாரிதான். நான் கூவி முடிப்பதற்குள் அவர் வந்து கூடையின் மேல் கையை வைத்தார்.

"பிரிச்செல்லாம் பாக்க வேண்டாமுங்க. அப்படியே எடுத்துக்கறேன்."

எனக்குப் பொறி தட்டியது. மலைக்கு வருவதற்கு முன் கொஞ்ச நாள் மர டிப்போவில் இருந்தேன். அங்கே ஒரு மரத்தை ஏலம் கூற வேண்டுமென்றால் முதலில் நெம்புகோல் போட்டு நாலு பக்கமும் புரட்டிக் காட்ட வேண்டும். பொந்து விழுந்த பக்கம் மண்ணில் படுத்திருக்கும். அதைக் காட்டாமல் ஏலம் விட்டால் எடுத்தவன் சண்டைக்கு வருவான். சரக்கை முழுசாகப் பார்வைக்கு வைக்காத ஏலம் ஏலமே இல்லை. டிப்போவில் மூட்டை தூக்குபவருக்குக்கூட அது தெரியும். ரேஞ்சருக்குத் தெரியாமல் இருக்குமா?

"சார், பொருளைப் பார்வைக்கு வெக்காம ஏலம் கூறக் கூடாது இல்லீங்களா?" என்றேன்.

ரேஞ்சரின் கவனம் எல்லாம் வேலப்பன் உள்ளே எடுக்கப் போயிருந்த தேன் பாட்டிலில் இருந்தது. "அது பின்னே, காட்டணும்," என்றார்.

வியாபாரியின் கையை மெதுவாக எடுத்துவிட்டு, மூடிக் கயிற்றை அவிழ்த்து, டிப்போவில் செய்வது போலவே கூடையைப் பக்கவாட்டில் சாய்த்து, எல்லாருக்கும் தெரியும்படி முழுசாகத் திறந்து காட்டினேன்.

ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒன்று வெளியே தத்தி வந்து பெஞ்சுக் காலருகே நின்றது. அது எழும்பியதும் மொத்தமும் ஒரே வீச்சாக எழும்பிப் பந்தலைத் தாண்டிச் சரிவுக்குப் போயின. போனவை அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் மறைந்திருந்தாலாவது கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். அதுதான் இல்லை. எங்கள் கண்ணெதிரே புல்லில் இறங்கி, தண்டை வளைத்து, தின்ன ஆரம்பித்தன.

தேன் பாட்டிலோடு வாசலில் நின்ற வேலப்பன், "சரக்கு நல்லாப் பார்வைக்கு வந்துருச்சுங்க," என்றார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ரேஞ்சர் எழுந்துவிட்டார். முகம் சிவந்துபோயிருந்தது. "எடோ, தன்னோட பணி இன்னையோட தீர்ந்து," என்றார். பிறகு வியாபாரியின் பக்கம் திரும்பி, "நீங்க ஒரு பராதி எழுதித் தரணும். இவன் வேணும்னே திறந்து விட்டான்னு எழுதணும். பாக்கி ஞான் நோக்கிக்கொள்ளாம்," என்றார். பராதி என்றால் புகார்; பாக்கியை அவர் பார்த்துக்கொள்வாராம். ஏலத்துக்கு வந்தவர் புகார் எழுதினால் புரபேஷனில் இருப்பவனுக்கு விளக்கம் சொல்லக்கூட வாய்ப்பிருக்காது. வீட்டில் போய் என்ன சொல்வது, குருவியைப் புரட்டிக் காட்டினேன் என்றா?

எனக்கு வேலை நிலைத்ததா என்று நீங்கள் கேட்கப் போவதில்லை. நிலைக்காதவனை யார் பிடித்து நாலு வார்த்தை எழுதச் சொல்வார்கள்? நிலைத்தது. ஆனால் என் சாமர்த்தியத்தால் அல்ல, அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். விதியைச் சரியாகப் பிடித்தேன் என்பதெல்லாம் ரேஞ்சரின் கோபத்துக்கு முன்னால் நிற்காது. நான் யாரிடமிருந்து அந்தக் கூடையைக் காப்பாற்ற நினைத்தேனோ அவர் கையில்தான் என் பிழைப்பு இருந்தது.

வியாபாரி பந்தலுக்குக் கீழே இருந்த கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். ரேஞ்சர் காகிதம் தேடச் சொல்லி வேலப்பனை விரட்டினார். வேலப்பன் ஷெட்டுக்குள் போய், அந்தச் சின்ன அறையில் ஒரு காகிதத்தை ரொம்ப நேரமாகத் தேடினார். வியாபாரி தலையைத் தூக்கிப் பந்தலைப் பார்த்தார். கொடியில் தலைக்கு மேலேயே ஒரு தினைக்குருவி உட்கார்ந்திருந்தது. கூடையிலிருந்து வந்ததா, முன்பே பந்தலில் குடியிருந்ததா, தெரியாது. உடம்பை நிமிர்த்தி, இறகைச் சிலிர்த்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாத்தீங்களா, அது சீக்கு," என்றார் என்னிடம், ஒரு வியாபாரியின் கண்ணோடு. "இப்படி வாயப் பொளந்துச்சுன்னா தேறாதுங்க."

வேலை போகப்போகிறவனுக்கு என்ன பயம்? "சீக்கில்லீங்க," என்றேன். "பாடுதுங்க."

"சத்தமே காணோமே?"

"அதுக்கு அவ்வளவுதானுங்க சத்தம். ஆணு மட்டும்தானுங்க பாடும், அதை வெச்சுத்தான் ஆணு எதுன்னு கண்டுபுடிச்சேன். மெதுவா எந்திரிச்சுக் கிட்டப் போயிக் கேளுங்க."

நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார். ஆனாலும் எழுந்தார். கல்லின் மேல் ஏறி நின்று, கொடிக்கு அருகில் காதைக் கொண்டுபோனார். குருவி பறக்கவில்லை. பாட்டு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். மூக்கால் இழுத்த மாதிரி மெல்லிய ஓர் ஓசை, நடுவில் நறுநறுவென்று ஏதோ, மறுபடியும் இழுப்பு. ஒரு முழத்துக்கு அப்பால் நின்றால் வாய் அசைவதுதான் தெரியும். வெள்ளை வேட்டியில் ரத்தக் கறையோடு, கல்லின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்து ரேஞ்சரும் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தப் பாட்டு முடியும்வரை அவர் இறங்கவில்லை.

இறங்கி வந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "கூண்டுக்குள்ள இப்படிப் பண்ணுமுங்க. நெறையப் பாத்துருக்கறேன். நோவுன்னு நெனச்சு, மத்ததுக்குத் தொத்திக்குமேன்னு, அதையெல்லாம் தனியா எடுத்துருவனுங்க."

"தனியா எடுத்து?"

அவர் துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டார். காலி கூடையைப் பார்த்தார், எடுத்துக்கொள்ளவில்லை.

வேலப்பனுக்கு வேறு வழியில்லாமல் காகிதம் கிடைத்துவிட்டது. ரேஞ்சர் அதை வாங்கிப் பேனாவோடு நீட்டினார். "எழுதுங்க. சரக்கைக் காட்டறேன்னு சொல்லி ஏமாத்திட்டான்னு எழுதுங்க."

வியாபாரி இரண்டு கையாலும் பேனாவை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

"அவரு சரியாத்தானுங்க காட்டுனாரு," என்றார். "இத்தனை வருசமா எனக்குத்தான் பாக்கத் தெரியலீங்க."